மொட்டை மாடியில் ஆடிப்பட்டம்: நகரத்துப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு

அக்ரி படித்து முடித்த தம்பி தங்கைகள் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கும்போது, அவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். வேளாண் துறைத் தேர்வு, வங்கித் தேர்வு, விதைக் கம்பெனி, உரக் கம்பெனி. சென்னை மாதிரி ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. என் பிழைப்பு அதுதான். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் எனக்கு. வீட்டில் மல்லாட்டையும் (வேர்க்கடலை) சம்பா நெல்லும் போடுவார்கள். டிப்ளமோ அக்ரி படித்தேன், கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். இப்போது நகரத்தில் சில பள்ளிகளில் தோட்டமும் அதையொட்டிய பாடமும் என் பொறுப்பு. அதில் மாநகராட்சிப் பள்ளியும் உண்டு, பெரிய கட்டணம் வாங்கும் சிபிஎஸ்இ பள்ளியும் உண்டு.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. ஒரு நாள் பயிலரங்கு நடத்துகிறவராக வராதீர்கள். ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு காகிதக் கப்பும் இரண்டு விதையும் கொடுத்து, போட்டோ எடுத்துவிட்டுப் போக இங்கே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தக் கப் அடுத்த வாரம் ஜன்னல் ஓரம் காய்ந்து கிடக்கும். செடி வைத்தால் செத்துப்போகும் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து தெரிந்துகொள்ளும். விதை போட்ட பிள்ளையே தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து, காய் பறித்து, அதைச் சாப்பிட்டும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பருவம் முழுக்க நீங்கள் அந்தப் பள்ளியில் இருந்தாக வேண்டும். அந்த ஒரு பருவத்தை எப்படி நடத்துவது, அதை வைத்து எப்படிக் குடும்பம் நடத்துவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

சிட்டிக்கும் விவசாயப் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கோயம்புத்தூரில் இருக்கிற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாகத்தான் தொடங்கியது. அது 1906-ல் கோவைக்குப் போனது, 1971-ல் பல்கலைக்கழகமானது. சைதாப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்களுக்குப் பெருமை தாங்காது.

முதலில் உங்கள் மாடியில்

நிலத்தில் பயிர் செய்து பழகியவர்களுக்கும் சரி, பட்டம் வாங்கியவர்களுக்கும் சரி, பையில் வளர்ப்பது வேறு கணக்கு. நிலத்தில் வேர் தண்ணீரைத் தேடி ஆழமாகப் போகும். க்ரோ பேக்கில் அதற்கு வழியில்லை. சிமென்ட் தளத்துச் சூடு பைக்குள் ஏறும். மே மாதத்தில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் செடி துவண்டுவிடும். அதனால் பள்ளியை அணுகும் முன் ஆடி முதல் பங்குனி வரை உங்கள் வீட்டு மாடியிலோ பால்கனியிலோ நீங்களே வளர்த்துப் பாருங்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை (கிட்) ஒன்று போதும். பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அதிலேயே வரும். துறையின் டிஎன்ஹார்ட்நெட் தளத்தில் பதிவு செய்யலாம்.

தென்னைநார்க் கட்டியை ஊற வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, இன்னொரு முறை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதில் உப்பு இருக்கும். நாற்று மஞ்சளாகி நிற்பதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். செம்மண், தென்னைநார், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்குச் சரியாக வரும். செம்மண்ணைக் கூட்டக் கூட்ட எடை கூடும். பழைய கட்டடத்து மாடியில் அது ஆபத்து. எத்தனை பை, எந்த இடத்தில் என்பதை இன்ஜினியர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே வையுங்கள். பாரம் தாங்கும் தூணையொட்டியும் சுவரையொட்டியும் வைப்பது நல்லது.

பயிற்சி வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் கிண்டியிலேயே இருக்கிறது. மாடித்தோட்டம், காளான் போன்றவற்றில் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கும். காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமே 1974-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. இயற்கை வழியில் ஈடுபாடு இருந்தால், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா கரூர் மாவட்டம் கடவூரில் உருவாக்கிய வானகம் பண்ணையில் போய்த் தங்கிப் படித்துவிட்டு வாருங்கள். சான்றிதழ் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே வருகிறவர்களோடு ஏற்படும் பழக்கம் பின்னால் விதை வாங்கவும் வேலை தேடவும் உதவும்.

பள்ளிக்குள் நுழைவது

பெரும்பாலான பள்ளிகளில் அடுத்த ஆண்டு டைம்டேபிள் ஏப்ரல், மே மாதங்களிலேயே முடிவாகிவிடும். ஜூனில் போய் நின்றால் நல்ல யோசனைதான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். பிப்ரவரி, மார்ச்சிலேயே பேசத் தொடங்குங்கள். நேராக முதல்வரிடம் போவதைவிட, அந்தப் பள்ளியின் உயிரியல் ஆசிரியரையோ தேசியப் பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியரையோ முதலில் பாருங்கள். ஏற்கெனவே அந்தப் பொறுப்பைத் தனியாகத் தூக்கிச் சுமக்கிறவர் அவர். உதவிக்கு ஆள் வருகிறது என்றால் உங்களுக்காக அவரே உள்ளே பேசுவார்.

சிபிஎஸ்இ பள்ளி என்றால் அவர்கள் மொழியில் பேச வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வேளாண்மை ஒரு திறன் பாடமாகவே இருக்கிறது, குறியீடு 408. பதினொன்று, பன்னிரண்டுக்கு 808. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குப் புத்தகப்பை இல்லாத பத்து நாள்களைச் சொல்கிறது. என்சிஇஆர்டி வெளியிட்ட ஆறாம் வகுப்பு ‘கௌஷல் போத்’ தொழிற்கல்விப் புத்தகம் உயிரினங்களோடு செய்யும் வேலை, இயந்திரம் மற்றும் பொருள்களோடு செய்யும் வேலை, மனிதர்களுக்கான சேவை என்று மூன்று வகை வைத்திருக்கிறது. முதல் வகையை நடத்த ஆள் கிடைக்காமல் பள்ளிகள் திண்டாடுகின்றன. உங்கள் திட்டத்தை அந்த வகைக்குள் பொருத்தி ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்புறம், ஒரு பீரியட் மட்டும் மாதிரி வகுப்பு எடுக்க அனுமதி கேளுங்கள். அதற்கு நான் கொண்டுபோவது வேருடன் பிடுங்கிய ஒரு வேர்க்கடலைச் செடி. கீழ்ப்பகுதியைத் துணியால் மூடி வைத்துவிட்டு, மஞ்சள் பூவை மட்டும் காட்டி, காய் எங்கே காய்க்கும் என்று கேட்பேன். பூ இருந்த இடத்தில் என்று முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள், வேரில் என்று சிலர். துணியை எடுத்துவிட்டு, பூ உதிர்ந்த இடத்திலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போவதையும் அதன் நுனியில் காய் கட்டியிருப்பதையும் காட்டுவேன். மேலே பூத்துக் கீழே காய்ப்பதைப் பார்த்த வகுப்பில் யாரும் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரையே வைத்திருப்பதையும் அப்போது சொல்லிவிடுவேன். கடைசி வரிசையில் நின்று பார்க்கும் முதல்வரும் பக்கத்தில் வந்துவிடுவார். வேலை அங்கேயே பாதி உறுதியாகிவிடும்.

காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளோடு தனியாக மாடியில் இருக்காதீர்கள், எப்போதும் பள்ளி ஆசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று நீங்களே நிபந்தனை வையுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் எங்கேயும் போடக் கூடாது.

பருவமும் பரீட்சையும்

இந்த வேலையில் கெட்டிக்காரத்தனம் வேண்டிய இடம் இதுதான். விவசாயி மழையைப் பார்த்து விதைக்கிறார். நீங்கள் மழையையும் பரீட்சையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலாண்டுத் தேர்வு வாரத்தில் வெண்டைக்காய் முற்றிப்போனால் அதைப் பறிக்கப் பிள்ளை வராது. அறுவடை தவறிவிட்டால் அந்தப் பருவத்தில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பாதியில் நின்றுவிடும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் விதைக்க அவசரப்பட வேண்டாம். முதல் சில வாரம் தென்னைநார்க் கட்டி ஊற வைப்பது, கலவை தயாரிப்பது, பள்ளிச் சமையலறைக் கழிவில் மக்கு உரம் போடத் தொடங்குவது, விதை முளைப்புச் சோதனை. ஈரத்துணியில் இருபது விதையைச் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணச் சொல்லுங்கள். விதைப் பாக்கெட்டில் முளைப்புத்திறன் இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் அதுவே ஏழாம் வகுப்புச் சதவீதக் கணக்கு. கணக்கு டீச்சர் உங்களுக்குத் தோழியாகிவிடுவார்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். ஜூலை நடுவில் வெண்டை, கொத்தவரை, காராமணி, முளைக்கீரை. கீரை 20 முதல் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். முதல் அறுவடை சுதந்திர தினத்துக்கு முன்னாலேயே நடந்துவிடுவதால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும். நீண்ட நாள் பயிரை மட்டும் வைத்தால் சின்னப் பிள்ளைகள் காத்திருக்க முடியாமல் ஆர்வம் இழந்துவிடுவார்கள். அதனால் எப்போதும் ஒரு கீரை, ஒரு காய் என்று ஜோடியாக விதைப்பது என் வழக்கம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும், அதாவது ஆகஸ்ட் கடைசி. செப்டம்பர் தேர்வுக்கு முன் பல பறிப்பு கிடைக்கும். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாராகிவிடும். எந்தக் குழு எந்த நாள் என்று பட்டியல் ஒட்டிவிடுங்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் வரும்போது வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். அப்போது கீரை விதைத்தால் ஒரே மழையில் விதை மொத்தமும் அடித்துக்கொண்டு போய்விடும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை வகுப்பை மாடியிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள். சிப்பிக்காளானுக்கு நல்ல காலம் அது. வைக்கோலை வேகவைத்து, ஈரம் வடித்து, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காகக் காளான் வித்துப் போட்டு வைத்தால், மூன்று வாரத்துக்குள் பை முழுக்க வெள்ளைப் பூசணம் படர்ந்து, மொட்டு வெடிக்கும். வெயில் படாத, காற்றோட்டமான அறை ஒன்று போதும். பள்ளியில் பழைய ஸ்டோர் ரூம் எப்படியும் இருக்கும். அதே நேரத்தில் தாழ்வாரத்தில் குழித்தட்டில் தக்காளி, கத்தரி நாற்று விட்டுவிடுங்கள். அவை 25, 30 நாளில் நடவுக்குத் தயாராகும். பெருமழை ஓய்ந்ததும் டிசம்பரில் நட்டால் ஜனவரியில் பூக்கும், பிப்ரவரியில் பறிக்கலாம். பொங்கலுக்கு முந்தின வாரம் முள்ளங்கி விதைத்தால் 45 நாளில், பிப்ரவரி கடைசிக்குள், இழுத்துப் பிடுங்கலாம். பிள்ளைகளுக்கு முள்ளங்கி பிடுங்குவதைப் போல் பிடித்த வேலை வேறில்லை. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இழுப்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

புயல் எச்சரிக்கை வந்தால் ஷேட் நெட்டை (நிழல் வலை) முதலில் கழற்றுங்கள். காற்றில் அது பாய்மரமாகிக் கம்பியோடு பிய்த்துக்கொண்டு கீழே விழும். பைகளைக் கைப்பிடிச் சுவரின் அடியில் நெருக்கி வையுங்கள், மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் மண் அடைக்காமல் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பள்ளிகள் நாள்கணக்கில் திறக்கவில்லை. மாடியில் தேங்கிய தண்ணீர் கீழ் வகுப்பறையில் ஒழுகினால் அடுத்த ஆண்டு தோட்டமே வேண்டாம் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிடும்.

விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார்? இதற்குப் பெயரோடு விடை கிடைக்காமல் எந்தப் பள்ளியிலும் விதைக்காதீர்கள். வாட்ச்மேன் அண்ணாவோ ஆயாம்மாவோதான் பெரும்பாலும் செய்வார்கள். சும்மா பார்த்துக்கச் சொல்லாதீர்கள், அது அவர்களுக்குக் கூடுதல் வேலை. அதற்குரிய கூலியை உங்கள் ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி வாங்கி, அவர்கள் கையில் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஆயாம்மா ஒருவர் உத்திரமேரூர் பக்கத்திலிருந்து நடவு வேலை பார்த்துவிட்டு நகரத்துக்கு வந்தவர். பூச்சி விழுந்த இலையை எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அவரையே ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னேன். நாற்று முடியை (நாற்றுக் கட்டு) எப்படிப் பிடிப்பது, விரலால் எப்படி ஊன்றுவது என்று அவர் காட்டியதைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

வகுப்பில் என்ன செய்வது

நாற்பது பேருக்கு நாற்பது பை வேண்டாம். ஐந்து பேருக்கு இரண்டு பை. ஒரு பை வீணானாலும் இன்னொன்று இருக்கும். பீரியட் நாற்பது நிமிடம் என்றால் பத்து நிமிடம் பார்த்தல், இருபது நிமிடம் வேலை, மிச்சம் கை கழுவவும் நோட்டில் எழுதவும். கை கழுவாமல் யாரையும் வகுப்புக்கு அனுப்பாதீர்கள்.

சில பாடங்கள் எந்த வகுப்பிலும் தோற்காது. கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், மணல் முதலில், வண்டல் அடுத்து, களி கடைசியாக அடுக்கடுக்காகப் படியும். பிள்ளைகளைத் தங்கள் தெரு மண்ணைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெசன்ட் நகர்ப் பிள்ளையின் பாட்டிலும் வேளச்சேரிப் பிள்ளையின் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்காது. காராமணிச் செடியை முடிந்ததும் குப்பையில் போடாமல் வேரைக் கழுவிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருந்த முடிச்சு. புத்தகத்தில் மனப்பாடம் செய்கிற ரைசோபியம் பாக்டீரியாவின் வேலையைக் கையிலேயே பார்த்துவிடுவார்கள்.

பூசணிக்கு இடம் இருந்தால் ஒரு கொடியாவது வளருங்கள். அதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். பூ விடியற்காலையில் விரிந்து, முற்பகலுக்குள் சுருங்கிவிடும். அதனால் அந்த வாரத்துக்கு மட்டும் உங்கள் வகுப்பை முதல் பீரியடுக்கு மாற்றிக் கேளுங்கள். ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்து, மகரந்தத்தைப் பெண் பூவில் தடவச் சொன்னால், மாடியில் தேனீ வராமல் பிஞ்சு உதிர்வது ஏன் என்பது பிள்ளைக்குத் தானாகப் புரியும்.

பூச்சிக்கு வேப்ப எண்ணெயும் சோப்புக் கரைசலும் போதும், அதையும் நீங்கள்தான் கலந்து தெளிக்க வேண்டும். ரசாயன மருந்து எதுவும் பள்ளி வளாகத்துக்குள் வரவே கூடாது. அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) விழுந்த செடி ஒன்றை அப்படியே ஓரமாக விட்டுவைத்தால் பொறிவண்டு தானாக வரும். அதன் புழு அசுவினியைத் தின்பதை லென்ஸில் காட்டுங்கள்.

பெரிய வகுப்புக்குக் கட்டாயம் ஒரு விலைப் பாடம் வேண்டும். 1996-ல் திறந்த கோயம்பேடு மார்க்கெட்டுக்கு அதிகாலையில் கூட்டிப்போய் அன்றைய தக்காளி மொத்த விலையைக் குறிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தெருத் தள்ளுவண்டியிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் அதே நாள் விலையைக் குறிக்கட்டும். ஊரில் தெரிந்த விவசாயி ஒருவருக்குப் போன் போட்டு அவருக்குக் கிடைத்த விலையைக் கேளுங்கள். நான்கு எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கேள்விகள் அவர்களிடமிருந்தே வரும். மாடியில் கீரை வளர்த்துவிட்டு விவசாயம் சுலபம் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அறுவடையைச் சாப்பிடுவதற்கு முன்னேற்பாடு தேவை. அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளரிடமும் சமைக்கும் அக்காவிடமும் முன்கூட்டியே பேசினால் கீரையைக் கடைந்து தருவார்கள். தனியார் பள்ளியில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். அங்கே முள்ளங்கித் துருவலும் எலுமிச்சையும் உப்பும் போதும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இரண்டு

தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்க அனுமதிக்காதீர்கள். லேட்டாக வந்தால் போய்ப் புல் பிடுங்கு என்று யாராவது ஒரு முறை சொல்லிவிட்டாலே போதும், அந்த வகுப்புக்கே மண் அசிங்கமாகிவிடும். அதே போல, உரம் அள்ளுவது, குப்பை மக்க வைப்பது, பெருக்குவது எல்லாம் பட்டியல்படி எல்லாப் பிள்ளைக்கும் சுற்றில் வர வேண்டும். உனக்குத் தெரியுமே, நீ செய் என்று யாரைச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் அந்த வார்த்தைக்குப் பின்னால் பல நேரம் சாதி இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் தலையிடத்தான் வேண்டும். பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் விவாதமே வராது. நானும் என் பங்குக்கு மாட்டுச் சாணத்தைக் கையால்தான் கரைப்பேன்.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். மாதவிடாய் நாளில் செடியைத் தொட்டால் பட்டுப்போகும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கறிவேப்பிலைச் செடியிலிருந்து தள்ளியே நின்றாள். தனியாக அழைத்துக் கேட்டபோது, ‘அம்மா தொடக் கூடாதுன்னாங்க மிஸ்’ என்றாள். ‘எங்க ஊர்ல நடவு நடுற அக்காங்க எல்லாரும் அந்த நாள்லயும் நடுறாங்கம்மா, நெல் நல்லாத்தான் விளையுது’ என்றேன். அவள் தண்ணீர் ஊற்றினாள். வகுப்பு நடுவில் இதைப் பேச வேண்டாம். ஆனால் தொடாமல் நிற்கும் பிள்ளையைக் கவனிக்காமல் விடவும் வேண்டாம்.

சம்பளமும் நிலையான வேலையும்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் ஒரு பாடமாக இருக்கிறது. அதற்கான பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள், தகுதி அதில் தெளிவாக இருக்கும். கல்லூரியில் கற்பிக்க ஆசை என்றால் எம்.எஸ்சி. அக்ரிக்குப் பிறகு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் (ஏஎஸ்ஆர்பி) நடத்தும் நெட் தேர்வுக்குத் தயாராகுங்கள்.

என்னைப் போலத் தனியாகச் செய்வதாக இருந்தால், வருகைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். மழை விடுமுறை, தேர்தல் விடுமுறை என்று பாதி வருகை கழிந்துவிடும். ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதத்துக்கு மாதக் கட்டணம் பேசுங்கள். பொருள் செலவு தனி, விடுமுறைத் தண்ணீர்க் கூலி தனி, வெளியில் கூட்டிப்போகும் செலவு தனி. முதல் மாதக் கட்டணத்தையும் பொருள் செலவையும் முன்பணமாக வாங்குங்கள். ஒரு பள்ளியில் ஆண்டு நடுவில் நிர்வாகம் மாறி, மூன்று மாதக் கட்டணம் இழுபறியானது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்ததால்தான் கைக்கு வந்தது. பள்ளிகள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே எடுக்கும் வருமான வரி, பிடிப்பது வழக்கம். நிதியாண்டு முடிந்ததும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், வரி வராத அளவு வருமானத்துக்கு அது திரும்பி வந்துவிடும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே பள்ளியை நம்ப வேண்டாம், ஒரே நேரத்தில் பல பள்ளியும் வேண்டாம். வாரம் இரண்டு நாள் வீதம் இரண்டு, மூன்று பள்ளிகளுக்கு மேல் ஒருவரால் நன்றாகப் பார்க்க முடியாது. சனி, ஞாயிறில் அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கலாம். அங்கே வசூலிப்பதை வைத்து மாநகராட்சிப் பள்ளியில் குறைந்த கட்டணத்துக்கு வேலை செய்வது என் ஏற்பாடு. என் தோட்டங்களில் செழிப்பானது அந்த மாநகராட்சிப் பள்ளியில்தான் இருக்கிறது.

பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகள் உங்களிடம் மேல்படிப்பு பற்றிக் கேட்பார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழக இளநிலைப் படிப்புகளுக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த சட்டத்தின்படி 7.5 சதவீத இடம் வேளாண் படிப்புகளிலும் உண்டு. இதைத் தெரியாமலே பிளஸ் டூ முடித்துவிட்டுப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விண்ணப்பம் திறக்கும் நாளில் நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.

ஏப்ரலில் பள்ளி மூடும் முன் முற்றவிட்ட வெண்டைக்காயைப் பிள்ளைகளை வைத்தே உடைத்து, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, குழுவின் பெயரும் தேதியும் எழுதிய கவரில் போட்டு வையுங்கள். பைகளைக் கவிழ்த்துக் கலவையை வெயிலில் பரப்பிவிட்டு, பைகளைக் கழுவி மடித்து வைத்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் எந்தச் செடியையும் காப்பாற்ற முயல வேண்டாம். புதினா, கறிவேப்பிலை மட்டும் வாட்ச்மேன் அண்ணாவின் அறை நிழலில் இருக்கட்டும். அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தக் கடிதத்தை அந்த வாரத்திலேயே முதல்வர் மேசையில் வைத்துவிடுங்கள், விதைக் கவர்களையும் கூடவே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.